பர்மா நகர் கற்பிக்கும் பாடம்

— பத்தாம் வகுப்பு மாணவி, சடையங்குப்பம்

இவ்வாண்டு தமிழ் வகுப்பில் ஒரு நாள் நன்னூலைப் பற்றிய பேச்சு வந்தது. பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய இலக்கண நூல் அது. மொழியில் பழைய சொற்கள் வழக்கொழிந்து போவதும், புதியவை வந்து சேர்வதும் காலத்தின் இயல்பு. அவற்றைக் குற்றமெனக் கொள்ள வேண்டா என்று அதன் இறுதிச் சூத்திரம் கூறுகிறது. இதை விளக்கிய எங்கள் ஆசிரியை, "சொற்களுக்குச் சொன்ன இந்த விதி மனிதர்க்கும் பொருந்துமா?" என்று கேட்டார். வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. மனிதர் தம் பழைய பெயரை, பழைய நிலையை, பழைய பெருமையை விட்டுவிட நேரும் காலம் உண்டு. அது குற்றமில்லை என்று இலக்கணம் சொல்லலாம். வலியில்லை என்று யாரால் சொல்ல முடியும்? அப்படி விடும்போது எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது? இதற்கு விடை தேடி நாங்கள் வெகு தூரம் செல்லவில்லை. நாள்தோறும் புத்தகப் பையோடு நாங்கள் புறப்படும் இடமே அந்த விடையைத் தாங்கி நிற்கிறது. அதன் பெயர் பர்மா நகர்.

எங்கள் ஊர்

சென்னைக்கு வடக்கே, மணலிக்கும் எண்ணூருக்கும் இடையே, கொசஸ்தலை ஆற்றையும் பக்கிங்காம் கால்வாயையும் அடுத்து இருப்பது சடையங்குப்பம். 2011-ஆம் ஆண்டுவரை ஊராட்சியாக இருந்து, பின்னர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஒரு பக்கம் ஆறும் சேறும் நாணலும். மறு பக்கம் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகளும் லாரிகளும். பெருமழைக் காலத்தில் பூண்டி ஏரியைத் திறந்துவிட்டால் அந்த நீர் எங்கள் தெரு வழியாகத்தான் கடலைத் தேடும். 2015, 2021, 2023 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்களை இங்குள்ள சிறு பிள்ளைகளும் தேதியோடு சொல்வார்கள்.

இந்த ஊரின் ஒரு பகுதியே பர்மா நகர். பர்மாவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்குக் குடியேறியதால் அப்பெயர் வந்தது. வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் இத்தகைய குடியிருப்புகள் உண்டு. ஆயினும், "ஏன் இது பர்மா நகர்?" என்று கேட்டால் எங்கள் வயதுப் பெண்களில் பலருக்கு விடை தெரியவில்லை. அதனால் முதலில் அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

போனதும் வந்ததும்

1824, 1852, 1885 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய மூன்று போர்களால் ஆங்கிலேயர் பர்மாவைக் கைப்பற்றினர். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியாகவே ஆளப்பட்டது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடு திருத்தி நெல் பயிரிட ஆளும் பணமும் தேவைப்பட்டன. பணத்தோடு சென்றவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். உழைப்பை மட்டுமே கொண்டு சென்றவர்கள் தஞ்சை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களின் ஏழை மக்கள். அவர்கள் வயலிலும் அரிசி ஆலையிலும் துறைமுகத்திலும் வேலை செய்தனர். சிலர் சிறு கடை வைத்தனர். 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் இந்தியர் பத்து லட்சத்திற்கும் மேல். ரங்கூன் நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியரே.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசின. 1942-இல் லட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு ஓடினர். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் மலையும் காடும் கடந்து அசாமுக்கும் மணிப்பூருக்கும் நடந்தே வந்தனர். வழியில் மாண்டவர் ஏராளம். தமிழறிஞர் வெ. சாமிநாத சர்மா அவ்வாறு நடந்து வந்தவருள் ஒருவர். அப்பயணத்தை அவர் தமிழில் நூலாகவும் எழுதி வைத்தார்.

போர் முடிந்ததும் பலர் திரும்பவும் பர்மா சென்றனர். அங்கேதான் அவர்களுடைய வீடும் தொழிலும் இருந்தன. 1948 ஜனவரி 4 அன்று பர்மா விடுதலை பெற்றது. 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கிகள், ஆலைகள், மொத்த வணிகம், கடைகள் யாவும் அரசுடைமை ஆக்கப்பட்டன. 1964 மே 17 அன்று ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. கடையும் போய், கையிருப்பும் போனபின் அங்கிருந்து செய்வது என்ன? ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர் நாட்டை விட்டு வெளியேறினர். ரங்கூனிலிருந்து கப்பல் கப்பலாக அவர்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினர். தமிழ்நாட்டுக்கு மட்டும் 1,40,000-க்கும் அதிகமானோர் வந்தனர்.

அதே 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரிக்கும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. ஆகவே பர்மா மக்களின் கதை தனியொரு கதையன்று. கடல் கடந்து உழைக்கச் சென்ற தமிழரில் பலர் இரண்டு மூன்று தலைமுறைக்குப் பின் இவ்வாறு பெட்டியைக் கட்ட நேர்ந்தது.

இரு கரையிலும் வேறு பெயர்

இவர்களை அரசுத் தாள்கள் "தாயகம் திரும்பியோர்" என்று குறித்தன. அன்பான சொல்தான். ஆனால் பர்மாவிலேயே பிறந்து, சென்னையைக் கண்ணாலும் காணாத ஒரு பிள்ளை எப்படித் "திரும்ப" முடியும்? தெருவில் இருந்தவர்களோ அவ்வளவு நீளமான சொல்லைத் தேடவில்லை. "அகதி" என்றனர், "பர்மாக்காரன்", "பர்மாக்காரி" என்றனர். அங்கே இருந்தபோது பர்மியர் இவர்களைக் "கலா" என்று அழைத்தனர். வெளியிலிருந்து வந்த இந்தியர் என்ற தொனி அதில் உண்டு. அந்தக் கரையில் இந்தியர், இந்தக் கரையில் பர்மாக்காரர்! இரண்டு பெயரும் மற்றவர் வைத்தவை.

பெயரைப் பற்றிப் பேசும்போது பர்மியர் வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆனால் பெயருக்கு முன் ஒரு மரியாதைச் சொல் வரும். வயது ஏற ஏற அது மாறும். சிறுவனை "மவுங்" என்பர், வாலிபனானதும் "கோ", பெரியவரானதும் "ஊ". பெண்ணானால் இளமையில் "மா", மூத்தபின் "டோ". 1961 முதல் 1971 வரை ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராக விளங்கிய ஊ தாண்ட் அவர்களின் இயற்பெயர் தாண்ட் என்பதே. "ஊ" என்பது வயதும் தகுதியும் தந்த அடைமொழி. தமிழிலும் பெண்ணின் பருவங்களைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழாகப் பிரித்திருப்பதை நாம் படித்திருக்கிறோம். ஒரு பருவத்தின் பெயரை அடுத்த பருவத்திற்குக் கொண்டு செல்ல முடியாது என்பதை இரு மொழியினரும் அறிந்திருந்தனர் போலும்!

இன்னொரு விந்தை. இவர்கள் கப்பல் ஏறிய ரங்கூன் 1989-இல் யாங்கோன் ஆயிற்று. பர்மா மியான்மர் ஆயிற்று. இவர்கள் வந்து இறங்கிய மெட்ராஸ் 1996-இல் சென்னை ஆயிற்று. புறப்பட்ட துறைமுகமும் வந்த துறைமுகமும் பழைய பெயரை விட்டுவிட்டன. ஆனால் எங்கள் தெரு மட்டும் இன்னும் பர்மா நகர்.

பேரேட்டின் பின்பக்கம்

இனி எங்கள் வீட்டு ஆயாவின் கதையைச் சொல்கிறோம். ஆயா என்பது எங்கள் பக்கத்தில் பாட்டியை அழைக்கும் சொல்.

ஆயா ஐராவதிக் கழிமுகத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவருடைய அப்பாவுக்கு அங்கே ஒரு பலசரக்குக் கடை இருந்தது. அரிசி, எண்ணெய், கருவாடு, உப்பு எல்லாம் கடனுக்கே போகும். அறுவடை முடிந்தால் பணம் வரும். ஊரார் அவரை "முதலாளி" என்றுதான் அழைப்பார்களாம். ஆயா பர்மியப் பள்ளியில் நான்காம் வகுப்பில் முதல் மாணவி. பள்ளியில் அவருக்கு ஒரு பர்மியப் பெயர். வீட்டில் தமிழ்ப் பெயர். 1964-இல் கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. மறு ஆண்டு குடும்பம் கப்பல் ஏறியது. கொண்டுவர முடிந்தது ஒரு தகரப் பெட்டி. அதற்குள் துணிமணிகளோடு அப்பா ஒரு பேரேட்டையும் வைத்துக்கொண்டார். யார் யார் எத்தனை கியாட் தர வேண்டும் என்ற கடன் கணக்கு அதில் இருந்தது.

சென்னையில் சில மாதம் முகாம் வாழ்க்கை. பின்பு முதலாளியாக இருந்தவர் துறைமுகத்தில் மூட்டை சுமக்கப் போனார். கூட வேலை செய்தவர்கள், "ஏ பர்மா!" என்று கூப்பிடுவார்களாம். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அதனால் வேலையில் பலமுறை ஏச்சும் வாங்கினார். ஒவ்வொரு தீபாவளி அன்றும் பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு வரவேண்டிய தொகையையெல்லாம் கூட்டிப் பார்ப்பார். கூட்டல் ஒவ்வோராண்டும் ஒன்றாகத்தான் வரும். இருந்தும் கூட்டுவார்.

ஆயாவுக்கு வேறொரு துன்பம். தமிழ் பேசத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே பன்னிரண்டு வயதில் அவரை இரண்டாம் வகுப்பில் சேர்த்தார்கள். அங்கே முதல் மாணவியாக இருந்தவர் இங்கே ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உயரமாக உட்கார்ந்திருந்தார். "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு உள்ள சொல்லிக்கிட்டே இருப்பேன் கண்ணு. ஆனா தெரிஞ்சது எல்லாம் பர்மாப் பாஷையில இருந்துச்சு" என்று ஆயா சொல்வார். ஒரு வாரம் அவர் வாயே திறக்கவில்லையாம். பக்கத்தில் இருந்த ஒரு சிறுமி, அவருடைய சிலேட்டை எட்டிப் பார்த்து, "அக்கா, 'அ' இப்பிடிச் சுழிக்கணும்" என்று கையைப் பிடித்து எழுதிக் காட்டினாள். அன்றுதான் ஆயா முதன்முதலாக, "எனக்குத் தெரியாது, சொல்லிக் குடு" என்று கேட்டார்.

எழுதிப் பழக நோட்டு வாங்கக் காசு இல்லை. இரவில் கரித்துண்டால் தரையில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, நான்காம் நாள் இரவு தகரப் பெட்டியைத் திறந்து பேரேட்டை எடுத்தார். முன்பக்கத்துக் கணக்குகளை அவர் கிழிக்கவில்லை. புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து திறந்து, "இதுல எழுதும்மா" என்று கொடுத்தார். முன்பக்கமிருந்து பார்த்தால் வராத கடன். பின்பக்கமிருந்து பார்த்தால் அ, ஆ, இ, ஈ.

அவ்வாண்டுத் தீபாவளிக்கு அவர் கூட்டல் போடவில்லை. மகளின் எழுத்து வரிசையாக இருக்கிறதா என்று பார்த்தார். அதன்பிறகு துறைமுகத்தில் "பர்மா!" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து, "என்னப்பா?" என்று கேட்கத் தொடங்கினாராம். அவர் கடைசிவரை சொந்தக் கடை வைக்கவில்லை. கதைகளில் வருவதுபோல் இழந்த செல்வம் திரும்பவும் வரவில்லை. ஆயா ஐந்தாம் வகுப்போடு நின்று, உப்பளத்துக்கு வேலைக்குப் போனார். ஆனால் இன்றும் காலையில் செய்தித்தாளை உரக்கப் படிப்பவர் எங்கள் வீட்டில் அவர் ஒருவரே.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தகரப் பெட்டி மூழ்கியது. அப்போது எங்களுக்கு ஐந்து வயது. அம்மா சொல்லித்தான் தெரியும். நீர் வடிந்தபின் ஆயா பேரேட்டை வெயிலில் வைத்து ஒவ்வொரு தாளாகப் பிரிக்க முயன்றார். முன்பக்கக் கணக்கும் பின்பக்க எழுத்தும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. இரண்டு நாள் பார்த்துவிட்டு, தாமே எடுத்துச் சென்று குப்பையில் போட்டார். அம்மா அழுதாராம். ஆயா, "போவட்டும் விடும்மா. எழுதக் கத்துக்கிட்டது எங்கிட்டதானே இருக்குது" என்றாராம்.

திரும்பிச் செல்ல முயன்றவர்கள்

எல்லோராலும் அவ்வாறு விட முடிந்ததா? இல்லை. கப்பலில் வந்தவர்களுள் சிலருக்கு இங்கே மனம் ஒட்டவில்லை. அவர்கள் மீண்டும் பர்மாவுக்கே போக எண்ணினர். வடகிழக்கே மணிப்பூர் வரை சென்று, தரை வழியாக எல்லையைத் தாண்ட முயன்றனர். பர்மியக் காவலர் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டனர். அவர்களோ தமிழ்நாட்டுக்கும் திரும்பாமல் எல்லை ஊராகிய மோரேயிலேயே தங்கிவிட்டனர். அங்கே அவர்கள் எழுப்பிய அங்காள பரமேசுவரி கோயிலும், அமைத்த தமிழ்ச் சங்கமும் உண்டு. எல்லைக்கு அப்பால் பர்மாவின் தமு நகரம் கண்ணெதிரே.

இவர்களைப் பழமையை விடத் தெரியாதவர்கள் என்று சொல்லிவிடலாமா? நாங்கள் அப்படி எண்ணவில்லை. பிறந்து வளர்ந்த மண்ணின் மேல் மனம் செல்வது இயற்கை. ஆயினும் அவர்கள் தேடிச் சென்ற பர்மா அப்போது அங்கே இல்லை. கடைகள் மாறிவிட்டன; சட்டங்கள் மாறிவிட்டன; பக்கத்து வீட்டார் மாறிவிட்டனர். பழைய இடத்துக்குப் போக வழி கிடைத்தாலும் பழைய காலத்துக்குப் போக வழியில்லை. அதை உணர்ந்தபின் அவர்களும் புதிய ஊரில் கடை வைத்துப் பிழைத்தனர் என்பதை நாம் மறக்கலாகாது.

மாறியும் மாறாதவை

சென்னையில் தங்கியவர்கள் என்ன செய்தனர்? 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிப் பர்மா பஜார் தோன்றியது. அதே ஆண்டில் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களின் மறுவாழ்வுக்காக ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. இன்று பல ஊர்களில் அந்த வங்கியின் பெயர்ப்பலகையைப் பார்க்கிறோம். தாயகம் திரும்பியோரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துகளே அப்பெயரின் தொடக்கம் என்பதை எத்தனை பேர் அறிவர்?

மாலை வேளையில் பாரிமுனையருகே செகண்ட் லைன் பீச் தெருவுக்குச் சென்றால் அத்தோ கடைகளைக் காணலாம். வேகவைத்த நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கையால் பிசைந்து தருவார்கள். கலந்து பிசைந்த உணவு என்பதே அச்சொல்லின் பர்மியப் பொருள். கூடவே வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா சூப். பர்மாவில் மொய்ங்காவுக்கு மீன் குழம்பே உயிர். இங்கே பல கடைகளில் மீன் இல்லாமலே செய்கிறார்கள். வாழைத்தண்டு நிலைத்தது, மீன் விலகியது. இன்று பர்மாவோடு எந்தத் தொடர்பும் இல்லாத இராயபுரத்துப் பிள்ளைகளும், தண்டையார்பேட்டைத் தொழிலாளரும் அதைத் தங்கள் ஊர்ச் சாப்பாடாகவே விரும்பி உண்கின்றனர். வைத்துக்கொள்ளத் தக்கதை வைத்துக்கொள்ளும்போதும் அது சிறிது மாறத்தான் செய்கிறது.

ஆர்னால்ட் வான் ஜெனப் என்ற அறிஞர் 1909-இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூல் ஒன்றில், ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குச் செல்லும் சடங்குகளை ஆராய்ந்து மூன்று படிகளைக் கூறினார். முதலாவது பழைய நிலையிலிருந்து பிரிதல். இரண்டாவது வாசற்படியில் நிற்றல். மூன்றாவது புதிய நிலையில் சேர்தல். பிறப்பு, பூப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றிலும் இம்மூன்றையும் காணலாம் என்றார். எங்கள் கொள்ளுத் தாத்தாவுக்குப் பிரிதல் ரங்கூன் துறைமுகத்தில் ஒரே நாளில் நடந்தது. வாசற்படியிலோ அவர் ஆண்டுக்கணக்கில் நின்றார். கப்பல் கரை சேர்ந்த நாளிலேயே மனிதர் மனமும் கரை சேர்ந்துவிடும் என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

நம் பள்ளியிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. முற்காலத்தில் துறவு வாழ்வை ஏற்ற அருட்சகோதரியர் பலர் பெற்றோர் இட்ட பெயரையும் விட்டுப் புதுப் பெயர் பூண்டனர். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் பல சபைகளில் திருமுழுக்குப் பெயரையே வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. இதைப் பற்றி ஒரு வயதான அருட்சகோதரியிடம் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "பெயரை விட்டுவிட்டேன். அம்மா சொல்லிக் கொடுத்த ஜெபத்தை விடவில்லை; அம்மா சொல்லிக் கொடுத்த ரசத்தையும் விடவில்லை" என்றார்.

நாம் கற்க வேண்டியவை

அன்புத் தோழியரே! இன்னும் சில வாரங்களில் நாம் அரசுத் தேர்வு எழுதுவோம். அதன்பின் சிலர் வேறு பள்ளிக்குச் செல்வோம். சிலர் பாலிடெக்னிக்கில் சேர்வோம். சிலர் ஊரையே மாற்றுவோம். இங்கே ஒருத்தி வகுப்புத் தலைவி. ஒருத்தி பாடகர் குழுவின் குரல். ஒருத்தி கோகோ வீராங்கனை. ஒருத்தி கணக்கில் எப்போதும் நூறு. போகும் இடத்தில் இதை யாரும் அறியார். "உன் பெயர் என்ன?" என்பதிலிருந்து எல்லாம் மறுபடி தொடங்கும். உண்மையைச் சொன்னால் எங்களுக்குச் சற்றுப் பயமாகவே இருக்கிறது. அந்தப் பயத்தோடுதான் இக்கட்டுரையையும் எழுதுகிறோம். பர்மா நகரின் வரலாற்றிலிருந்து நாங்கள் கற்றவை இவை:

முதலாவது, பட்டத்தை இறக்கி வைக்கலாம். கற்றதை இறக்கி வைக்க வேண்டியதில்லை. "முதலாளி" என்ற பெயர் ரங்கூனிலேயே நின்றுவிட்டது. கணக்கும் உழைப்பும் கப்பலில் கூடவே வந்தன.

இரண்டாவது, புது இடத்தில் "எனக்குத் தெரியாது" என்று சொல்லக் கூசக் கூடாது. முதல் மாணவியாக இருந்தவளுக்கே அது மிகவும் கடினம். ஆயாவுக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. சொன்ன பிறகுதான் "அ" வந்தது.

மூன்றாவது, பழையதைக் கிழித்தெறிய வேண்டிய அவசியமில்லை. பேரேட்டைத் திருப்பிப் பிடித்தாலே எழுத இடம் கிடைக்கிறது. ஆனால் எந்நேரமும் முன்பக்கத்தையே கூட்டிக்கொண்டிருந்தால் பின்பக்கம் வெறுமையாகவே கிடக்கும்.

நான்காவது பாடம், மாறுகிறவர்களுக்கு மட்டுமன்றி அருகில் இருப்பவர்களுக்கும் உரியது. இதையே நாங்கள் முக்கியமானதாகக் கருதுகிறோம். ஒருவர் தம் பழைய அடையாளத்தை விட்டுவிட்டாலும் சுற்றியிருப்பவர் அதை விடுவதில்லை. கப்பலில் வந்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. இங்கேயே பிறந்து, இங்கேயே வாக்களித்து, இங்கேயே முதியவரானவர்களையும் இன்னும் "பர்மா அகதி" என்பாருண்டு. நாமும் இவ்வாறு செய்வதில்லையா? ஒரு முறை தேர்வில் தவறியவளை, அவள் தேறிய பின்னும், "அவள் பெயிலானவள்" என்கிறோம். ஆறாம் வகுப்பில் ஒரு நாள் பொய் சொன்னவளைப் பத்தாம் வகுப்பிலும் நம்ப மறுக்கிறோம். அவள் எப்போதோ விட்டுவிட்ட பழைய உருவத்தை நாம் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறோம். பெற்றோரும் இதை அன்போடு எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். "நீ முன்பெல்லாம் எப்படிப் படித்தாய்!" என்று தினமும் கேட்பது, வராத கடனைத் தீபாவளிதோறும் கூட்டிப் பார்ப்பதைப் போன்றது.

ஆயாவின் கையைப் பிடித்து "அ" எழுதிக் காட்டிய அந்த ஏழு வயதுச் சிறுமி யார் என்று எங்களுக்குத் தெரியாது. ஆயாவுக்கும் அவள் பெயர் நினைவில்லை. அவள் ஆயாவை "பர்மாக்காரி" என்று அழைக்கவில்லை, "அக்கா" என்றாள். அவ்வளவுதான். வரும் ஜூன் மாதம் நம் வகுப்புகளில் புதிய மாணவியர் வந்து அமர்வார்கள். நாமும் வேறு வகுப்புகளில் புதியவர்களாய் அமர்வோம். நாம் அந்தச் சிறுமியாக இருக்க முடிந்தால் இருப்போம். கையைப் பிடிக்க அப்படி ஒருத்தி வந்தால் சிலேட்டை மறைக்காமல் காட்டுவோம்.

ஆசிரியை கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லத் துணிகிறோம். சொற்களுக்குச் சொன்ன விதி மனிதர்க்கும் பொருந்தும். ஆனால் ஒரு சொல் வழக்கொழிந்தால் அதற்கு வலிப்பதில்லை, மனிதருக்கு வலிக்கும். எனவே மனிதர் மாறும்போது கொஞ்சம் காலமும், பக்கத்தில் ஓர் அன்பான ஆளும் வேண்டும்.

இந்த மலர் அச்சாகி வந்ததும் ஆயா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படிப்பார். இக்கட்டுரையில் ளகர, லகரப் பிழை இருந்தால் முதலில் கண்டுபிடிப்பவரும் அவரே. அவருக்கும், அவருக்கு எழுத இடம் கொடுத்த பேரேட்டுக்கும் எங்கள் வணக்கம்.